அறுபது ரூபாய்க்கு ஒரு படை

பாண்டி சண்டே மார்க்கெட்டில், காந்தி வீதி நடைபாதைக் கடை ஒன்றில், ஒரு பை நிறையப் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் 60 ரூபாய்க்குக் கிடைத்தார்கள். கடலூர் வந்து எண்ணினால் 34 பேர். பேரம் பேசாமல் வந்ததற்கு வருத்தமில்லை.

எல்லாரும் இரண்டாம் உலகப்போர் அமெரிக்கர்கள். எனக்கு வேண்டியதோ 1758-இல் எங்கள் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் ஆட்கள். தவழ்கிறவன், வயர்லெஸ்காரன், குண்டு வீசுகிறவன் எல்லாம் தள்ளுபடி. நின்று சுடுகிறவன் ஆவான்; மண்டியிட்டவன் முன்வரிசைக்கு ஆவான். அப்படித் தேறியது 14.

ஹெல்மெட்டைப் பிளேடால் சீவிவிட்டு, எம்-சீல் பிசைந்து மூன்று மூலைத் தொப்பி வைத்தேன். கோட்டின் வால் பகுதியும் அதிலேயே. துப்பாக்கி குட்டையாக இருந்தது. துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை வெட்டி ஒட்டியதும் அந்தக் கால நீளத் துப்பாக்கி, அசல் மஸ்கெட் ஆகிவிட்டது.

இனி பெயின்ட். இங்கே ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய 12 கலர் அக்ரிலிக் பெட்டி. பிளாஸ்டிக்கிலும் ஒட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. மறுநாள் நகம் பட்டதும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. பொம்மை மேல்தான் பாதிக் குற்றம்: வளைகிற பாலித்தீன், மேலே அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், ஒரு நாள் காய வைத்தல், அப்புறம் பெயின்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் ஸ்பிரே. (மழை மூட்டத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், சாம்பல் பூத்துவிடும்.) இத்தனைக்குப் பிறகு ஒட்டியது. கணுக்காலில் மட்டும் இன்னும் வெடிக்கிறது.

பெட்டியில் சிவப்பு அருமை, இரண்டே பூச்சு. மஞ்சள் வெறும் தண்ணீர். கூடக் கொடுத்த பிரஷ்ஷைக் கோந்து தடவ வைத்துக்கொள்ளலாம்.

கோட்டுக்கெல்லாம் சிவப்பு அடித்ததைப் பார்த்து, ஏன் என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். "பிரெஞ்சுக்காரனுக்கு ஏம்ப்பா இங்கிலீஷ்காரன் சட்டை? பாண்டி போலீஸ் சிவப்புத் தொப்பியைப் பார்த்து அடிச்சியா?" பிரெஞ்சுக் காலாட்படைக்கு வெளிறிய வெள்ளைக் கோட்டுதான். ஆனால் லாலியின் சொந்த ரெஜிமென்ட் ஐரிஷ்காரர்களுடையது. பிரான்சுக்காகச் சண்டை போட்டாலும் சிவப்புக் கோட்டுப் போடுவதை விடவில்லை. கையின் மடிப்பில் பச்சை. அதற்கு மட்டும் பொம்மையின் பழைய பச்சையையே விட்டுவிடலாமா என்று சபலம் வந்தது, நிறம் பொருந்தவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். நின்று சுடுகிறவர்களை மட்டும் பொறுக்க விடுவாரா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.