12 வோல்ட் ‘முழு செட்’ என்று நம்பி 18,500 கொடுத்தேன்: பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

பழைய ஃபோர்டு 8என் டிராக்டரை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்ற நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பழைய வண்டிகளின் உதிரிபாகங்களை இணையத்தில் மட்டும் விற்கும் ஒரு கடையிடம், மாற்றத்துக்கான ‘முழு செட்’டுக்காக 18,500-ஐ முழுவதுமாக முன்கூட்டியே கட்டினேன். இப்போது என் கையில் இருப்பது வெந்துபோன ஒரு காயிலும் (பேட்டரியின் வோல்ட்டேஜை ஏற்றி ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தருவது), சார்ஜ் ஏற்றாத ஓர் ஆல்டர்னேட்டரும்தான். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1947 முதல் 1952 வரை வந்த இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவை எர்த்தாக மாற்ற வேண்டும், அம்மீட்டரின் இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டும், பல்புகளையும் மாற்ற வேண்டும். இவையெல்லாம் எளிய வேலைகள். சிக்கல் காயிலில்தான் இருக்கிறது. 6 வோல்ட் காயிலுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் அதில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். காயில் சூடேறிக் கெட்டுப்போவதோடு, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இது தெரிந்ததால்தான் பணம் கட்டும் முன் அந்தக் கடைக்குப் பேசினேன். எடுத்தவர் முதலில் கேட்ட கேள்வி, “உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினுக்கு முன்பக்கம் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா?” என்பது. 8என் வண்டிகளில் இரண்டு விதமும் உண்டு, இரண்டுக்கும் காயில் வேறு என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். முன்பக்கம் என்றேன். “அப்படியானால் சதுரக் காயில். செட்டில் 12 வோல்ட் காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்தே வரும், நீங்கள் எதையும் தேட வேண்டாம்” என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் என் நம்பிக்கை முழுவதும் அவர் பக்கம் சாய்ந்தது. அன்றே 18,500-ஐ அனுப்பினேன்.

காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் அந்த ரெசிஸ்டர் பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, “காயிலே 12 வோல்ட், பிறகு ரெசிஸ்டர் எதற்கு?” என்று பதில் வந்தது. காயிலின் மேல் ‘12 வோல்ட்’ என்ற ஸ்டிக்கரும் பளிச்சென்று இருந்ததால் பொருத்தினேன். வண்டி கிளம்பியது; சற்று நேரம் நன்றாக ஓடியது; பிறகு விக்கி விக்கி நின்றது. மூடியைத் திறந்தால் காயிலின் ஓரத்திலிருந்து கறுப்புத் தார் உருகி வழிந்திருந்தது, பாயிண்ட்டின் முனைகள் நீலம் பாரித்துக் குழி விழுந்திருந்தன. சூட்டில் பாதி உரிந்திருந்த ஸ்டிக்கரை முழுவதும் உரித்தேன். அதற்கு அடியில் ‘6’ என்று அச்சு பதிந்திருந்தது. செட்டில் வந்த இன்னொரு உபரிக் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தேன். 12 வோல்ட் காயில் என்றால் ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும், அது 1 ஓம்கூடக் காட்டவில்லை.

ஆல்டர்னேட்டரின் கதையும் அப்படித்தான். ஒற்றை வயர் ஆல்டர்னேட்டர், இஞ்சினின் வேகத்தைக் கூட்டினால்தான் சார்ஜ் எடுக்கத் தொடங்கும் என்பதால், பழைய 6 வோல்ட் காயிலுடன் தனியாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து வண்டியைக் கிளப்பி, நன்றாக முடுக்கியும் பார்த்தேன். பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டியது 12-ஐத் தாண்டவே இல்லை. உற்றுப் பார்த்தால் திருகுகளின் பிளவுகளுக்குள்கூட வெள்ளிப் பெயின்ட் அப்பியிருந்தது. பழைய சரக்குக்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று தள்ளியிருக்கிறார்கள்.

அதன்பின் நடந்ததுதான் பெரிய கொடுமை. முதலில், துருவத்தை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள் என்றார்கள். எர்த் செய்த படங்களை அனுப்பியதும் அந்தப் பேச்சு நின்றது. அடுத்து, “6 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றாமல் விட்டதால்தான் காயில் எரிந்தது, எங்களிடம் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் இருக்கிறது, அனுப்பட்டுமா?” என்று கேட்டார்கள். பழைய ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டில் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். துருவம் மாறினாலும் சுற்றும் திசை மாறாது, காயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏமாந்தவனிடமே இன்னொரு பொருளை விற்கப் பார்க்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது! பிறகு, பிரித்த மின்சாதனங்களைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். “எங்கள் டெக்னீஷியன் உங்களை அழைப்பார்” என்பதுதான் கடைசியாக வந்த பதில். எவரும் அழைக்கவில்லை. இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் மணிகூட அடிப்பதில்லை. 18,500-இல் ஒரு பைசா திரும்பவில்லை.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. காயிலைப் பொருத்தும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ரெசிஸ்டர் இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள். வண்டி கிளம்பாததுதான் உங்கள் குறை என்றால், 12 வோல்ட்டைத் தேடிப் போகும் முன் பேட்டரி கேபிளின் தடிமனையும் எர்த் பிடிக்கும் இடத்தில் உள்ள துருவையும் பாருங்கள்; 6 வோல்ட்டின் பாதிக் குறை அங்கேதான் இருக்கும். முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். அதே செட், அதே படத்துடன், இன்றும் அந்தத் தளத்தில் விற்பனையில் இருக்கிறது.