திறந்த பாத்தியா, கூரை போட்ட பாத்தியா? நம்ம பக்கத்து மழையில உப்பு எடுக்கிறதப் பத்தி

ஏழு மாசம் திறந்த பாத்தியில உப்பு எடுத்தேன், அதுக்கப்புறம் இப்ப ரெண்டு வருஷமா பிளாஸ்டிக் கூரைக்கு அடியில எடுக்கிறேன். ரெண்டையும் என் கையால செஞ்சு பாத்ததால எழுதுறேன். முன்னாடியே சொல்லிடுறேன், நான் கூரை பக்கம்தான், அதனால கூரையப் பத்திதான் அதிகமா வரும்.

எங்க வீடு மலேசியாவுல, பேராக் மாநிலத்துல ஊத்தான் மெலிந்தாங் பக்கம். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் முடிஞ்சா தென்னை, தென்னை முடிஞ்சா பண்டு, அதாவது கடல் தண்ணி ஏறாம போட்ட மண் கரை, பண்டுக்கு அந்தப் பக்கம் சேறும் பக்காவ் மரமும் (அலையாத்தி மரம்) கடலும். மாமாவோட தென்னந்தோப்பு பாகான் டத்தோ பக்கம் கடலோரமா இருக்கு, அதுல ஒரு மூலைய எனக்கு விட்டுக் குடுத்தாரு. பெர்னாம் ஆறு ஒரு பக்கம், பேராக் ஆறு இன்னொரு பக்கம் வந்து கலக்கிறதால எங்க கடல் தண்ணி மத்த எடத்த விட நீர்த்துத்தான் இருக்கும். தண்ணியில உப்பு எவ்ளோ கெட்டியா இருக்குன்னு காட்டுற போமே மீட்டர்ல நடுக்கடல் தண்ணி 3, மூன்றரை டிகிரி காட்டும், எங்க பக்கம் இரண்டரை தாண்டினாலே நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி பெருந்தண்ணி ஏறுற அன்னைக்கு, அதுவும் நாலஞ்சு நாள் மழை இல்லாம இருந்தா, அந்த உச்சத் தண்ணியத்தான் பம்பு போட்டு எடுக்கணும். அப்படி எடுத்தாலும் ஆயிரம் லிட்டர்ல கணக்குப்படி 20 கிலோ உப்பு, கைக்கு வர்றது 15 தான்.

மண் பாத்திய சீக்கிரம் முடிச்சிடுறேன். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளம் வீடியோவ பாத்துட்டு அதே மாதிரி பாத்தி வெட்டலாம்னு சிலர் கேக்குறாங்க, வேணாம். தூத்துக்குடியில வருஷத்துக்கு 600, 700 மி.மீ. மழை, அதுவும் பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்து முடிஞ்சிடும், தை மாசி தொடங்கி புரட்டாசி வரைக்கும் அவங்களுக்கு வெயில்தான். நமக்கு 2,000 மி.மீ. பக்கம், எந்த மாசமும் மழை இல்லாத மாசம் கிடையாது. அது போக நம்ம கரையோர மண்ணு பக்காவ் காட்டு மண்ணு, தோண்டி காத்து பட்டா புளிச்சுப் போயிடும், மஞ்சளா ஒண்ணு படியும், பாரிட் (வாய்க்கால்) தண்ணி துருக் கலர்ல ஓடுறத எல்லாரும் பாத்திருப்பீங்க. அந்த மண்ணுல படியிற உப்பும் அதே கலர்தான். பக்கத்து செம்பனைக்கு உப்புத் தண்ணி கசிஞ்சா அது வேற தகராறு.

அதனால உண்மையான போட்டி ரெண்டே ரெண்டுக்குத்தான். கறுப்பு ஷீட் விரிச்ச திறந்த பாத்தி, மழை வந்தா தார்ப்பாய் இழுத்து மூடுறது. இல்லன்னா அதே ஷீட் பாத்திக்கு மேல நிரந்தரமா பிளாஸ்டிக் கூரை.

திறந்த பாத்திக்கு நல்லது நெறையவே உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். செலவு கம்மி, 18 அடிக்கு 4 அடியில ரெண்டு பாத்திக்கு பலகை, ஷீட், தார்ப்பாய் எல்லாம் சேத்து எனக்கு 250 வெள்ளிதான் (ரிங்கிட்) ஆச்சு. காத்து நேரா தண்ணி மேல அடிக்கிறதால நல்ல வெயில் நாள்ல கூரைய விட வேகமாவே காயும். பிப்ரவரியில தொடர்ந்து பத்து பன்னெண்டு நாள் மழை இல்லாம கெடச்சப்ப நானே கூரை எதுக்குன்னு நெனச்சேன்.

ஆனா ஒரு மழைக் கணக்கு போட்டுப் பாருங்க, இதுதான் எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணுன விஷயம். பாத்தியில 5 செ.மீ. ஆழம் தண்ணி நிக்குது, வாரக்கணக்கா காய வெச்சு 15 டிகிரிக்குக் கொண்டு வந்திருக்கோம்னு வைங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மழை, நம்ம ஊர்ல 40 மி.மீ. மழைங்கிறது பெரிய மழையே இல்ல, ஒரு மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிடும். 50 மி.மீ. தண்ணி 90 ஆயிடுச்சு, டிகிரி பாதிக்குப் பக்கத்துல எறங்கிடுச்சு. வெயில் ஒரு நாளைக்கு எடுக்கிறது 4 மி.மீ., மிஞ்சிப் போனா 5. அப்ப அந்த ஒரு மணி நேர மழையத் திருப்பி எடுக்க ஒம்பது பத்து நாள் வெயில் வேணும், அந்த பத்து நாளுக்குள்ள இன்னொரு மழை வராம இருக்குமா?

அதுக்குத்தான் தார்ப்பாய் இருக்கேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த ஏழு மாசமும் நான் தோப்ப விட்டு எங்கயும் போக முடியல, தெலுக் இந்தான் டவுன்ல ஒரு வேலைன்னாலும் வானத்தப் பாத்துக்கிட்டே ஓடி வரணும். நான் இல்லாத நேரம் அம்மாதான் மூடுவாங்க, அவங்களுக்கு முட்டி வலி, நனைஞ்ச தார்ப்பாய் என்ன கனம் கனக்கும்னு தூக்கினவங்களுக்குத் தெரியும். மூடினாலும் நடுவுல தொங்கும், மழைத் தண்ணி அதுல குளம் மாதிரி தேங்கி நிக்கும், அத வெளிய தள்ளப் போகும்போது ஒரு ஓரம் கை நழுவுச்சுன்னா அவ்ளோ தண்ணியும் பாத்திக்குள்ளதான். ஒரு தடவ உப்பு பூத்து கீழ அரை அங்குலம் படிஞ்சிருந்த பாத்தி, காலையில வாரலாம்னு விட்டது, ராத்திரி மழையில தார்ப்பாய் கயிறு அறுந்து போய் விடிஞ்சு பாத்தா வெறும் தண்ணி. அம்மா ஒண்ணும் சொல்லாம பாத்தி ஓரமா உக்காந்துட்டாங்க. மாமா வந்து பாத்துட்டு, "ஏன்ப்பா, இவ்ளோ ஓட்டம் ஓடுறதுக்கு ஒரேயடியா மேல கூரையப் போட்டுற வேண்டியதுதான?"ன்னாரு. அடுத்த வாரமே மரம் வாங்கினேன்.

கூரைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, மரச் சட்டம், கூடாரம் மாதிரி ரெண்டு பக்கச் சாய்வு, மேல 200 மைக்ரோன் யூவி பிளாஸ்டிக், அதாவது வெயில் தாங்குற பிளாஸ்டிக். ஒரு கூரைக்கு அடியில ரெண்டு பாத்தி, எனக்கு 900 வெள்ளி கிட்ட ஆச்சு, கூலி சேக்காம. இப்ப நாலு கூரை, எட்டு பாத்தி, நல்ல மாசத்துல 60, 70 கிலோ, நவம்பர்ல முப்பதுக்கே திணறும்.

கூரை மழைய மட்டும்தான் தடுக்குதுன்னு நெனைக்காதீங்க, ஈரத்துக்கும் அதுதான் வழி. கெட்டியான உப்புத் தண்ணிக்கு ஒரு குணம் இருக்கு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போயிட்டா அது காயவே காயாது, காத்துல இருக்கிற ஈரத்த அதுவே உள்ள இழுத்துக்கும். நம்ம ஊர்ல ராத்திரி ஈரம் 90-க்கு மேல. சமையலறையில உப்பு ஜாடி கசியிறது இதனாலதான். கூரைக்குள்ள மத்தியானம் சூடு 45, 50 டிகிரி போகும், அந்தச் சூட்டுல காத்தோட ஈரப்பதம் நல்லா எறங்கிடும், அதனால கடைசிக் கட்டத்துல உப்பு பூக்க வேண்டிய நேரத்துல கூரைக்குள்ளதான் ஒழுங்கா பூக்குது. ஆனா ரெண்டு முனையும் பகல்ல திறந்து இருக்கணும், மூடி வெச்சா ஆவி உள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும், நான் முதல் மாசம் மூடி வெச்சு ஒண்ணுமே காயல. இப்ப காலையில பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடுறேன்.

காத்து அடிக்காததால இன்னொண்ணும் கெடைக்குது. 25 டிகிரி தாண்டினதும் தண்ணி மேல உப்பு சின்னச் சின்னதா சதுரமா மிதக்கும், அசைவு இல்லன்னா அது ஓரத்துல வளந்துக்கிட்டே மெதுவா எறங்கி, தலகீழா கவுத்த கோபுரம் மாதிரி உள்ள குழிவா நிக்கும். சல்லடைக் கரண்டியால மெதுவா அள்ளி ஓலைத்தட்டுல வெச்சா கையில பொடிப்பொடியா நொறுங்கும். திறந்த பாத்தியில காத்து இத உடைச்சு கீழ தள்ளிடும், எனக்கு ஒரு தடவ கூட ஒழுங்கா கெடச்சதில்ல.

கூரையோட பராமரிப்பு, இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. ராத்திரி உள்பக்கம் நீர் கோத்துக்கும், கூரை சாய்வு கம்மியா இருந்தா அது நேரா பாத்தியிலயே சொட்டும், மழைய வெளிய தடுத்துட்டு உள்ள நாமளே மழை பெய்ய விட்ட மாதிரி. என் முதல் கூரை அப்படித்தான், சாய்வ ஏத்தி ஓரத்துல பிளந்த பைப்ப வெச்சு அந்தத் தண்ணிய வெளிய விட்டப்புறம்தான் சரியாச்சு. இரும்பு ஆணி வேணவே வேணாம், ஆறே மாசத்துல துரு எறங்கி உப்புல கோடு விழுந்துச்சு, இப்ப மரமுளையும் நைலான் கயிறும்தான். யூவி இல்லாத சாதா பிளாஸ்டிக் கொஞ்ச மாசத்துல அப்பளம் மாதிரி ஒடைஞ்சு போகும். யூவி பிளாஸ்டிக் மூணு வருஷம் தாங்கும்னு கடையில சொன்னாங்க, என்னோடது ரெண்டு முடிஞ்சிருக்கு, இன்னும் கிழியல, மூணாவது வருஷத்தப் பத்தி இப்பவே நான் சத்தியம் பண்ண முடியாது.

உப்பு வேணாம்னு ஒரு நாள் விட்டுட்டா? கிழிஞ்ச தார்ப்பாயயும் உப்பு ஏறுன ஷீட்டயும் யாரும் வாங்க மாட்டாங்க. கூரைன்னா தென்னை ஊர்ல கொப்பரை காய வைக்கலாம், கருவாடு, வடகம், மொளகா எதுவும் காய வைக்கலாம். எதிர்த்த தோப்புக்காரரு இப்பவே ஒண்ணு கட்டித் தரச் சொல்லிட்டாரு.

காய்ச்சுற முறையயும் சிலர் கேக்குறாங்க. சரவாக் மாநிலத்துல பாரியோங்கிற மேட்டு ஊர்ல உப்பு ஊத்துத் தண்ணிய விறகு அடுப்புல காய்ச்சித்தான் எடுக்கிறாங்க. நான் ரெண்டே தடவதான் செஞ்சேன், அதனால இதுல என் பேச்ச ரொம்ப எடுத்துக்காதீங்க. திறந்த அடுப்புல ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமாரா அரை கிலோ விறகு போகுது. எங்க கடல் தண்ணிய அப்படியே காய்ச்சினா ஒரு கிலோ உப்புக்கு 25 கிலோ விறகு, அது ஆகாத காரியம். கூரைக்குள்ள 25 டிகிரி வரைக்கும் ஏத்திட்டுக் காய்ச்சினா ஒன்றரை கிலோ தென்ன மட்டை போதும், நவம்பர்ல அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கலாம். பக்காவ் மரத்த மட்டும் வெட்டாதீங்க, வன இலாகா கேஸ் ஆயிடும்.

எந்த முறையா இருந்தாலும் 29 டிகிரிக்கு மேல போக விடாதீங்க, மிச்சத் தண்ணிய வடிச்சிடுங்க, அதுக்கப்புறம் எறங்குறது கசப்பு, உப்பும் எப்பவும் ஈரமாவே இருக்கும். பாக்கெட் போட்டு விக்கிற யோசனை இருந்தா உப்புல அயோடின் சேக்கிறதப் பத்தின விதிய முதல்ல சுகாதார இலாகாவுல போய்க் கேட்டுடுங்க. நான் இப்போதைக்கு ஊறுகா போடுற ரெண்டு அக்காமாருக்கும் கருவாட்டுக்காரருக்கும்தான் குடுக்கிறேன்.

அஞ்சாவது கூரைக்கு மரம் அடுத்த வாரம் வருது. இதுல சாய்வ இன்னும் ஏத்தி, முனைய தெக்கு வடக்கா வைக்கப் போறேன், மத்தியானத்துல கடல் காத்து மேக்குல இருந்து வர்றதால கூரை மேல மோதாம நேரா உள்ள வரட்டும்னு பக்கச் சுவர்ல கீழ ஒரு அடி திறந்து விடுறேன். மழை சாரல் உள்ள வருதான்னு ஒரு மாசம் பாக்கணும்.