சிஎஃப்டி கற்கத் தொடங்க எது நல்லது: ஃப்ளூயன்ட் ஸ்டூடன்டா, ஓப்பன்ஃபோமா?

காற்றோட்டம், நீரோட்டம் ஆகியவற்றைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிஎஃப்டிக்குள் நுழைபவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் முக்கிய வழிகள் மூன்று: ஆன்சிஸ் ஸ்டூடன்ட் பதிப்பில் வரும் ஃப்ளூயன்ட், திறமூல மென்பொருளான ஓப்பன்ஃபோம், பிரவுசரிலேயே இயங்கும் சிம்ஸ்கேல். நான் தேர்ந்தெடுத்தது ஓப்பன்ஃபோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

சிம்ஸ்கேலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஸ்டால் வேலை கிடையாது, பழைய லேப்டாப்பே போதும். ஆனால் இலவசக் கணக்கில் செய்யும் புராஜெக்ட் எல்லோர் கண்ணிலும் படும். சிறு கேஸ்களை (ஒரு கணக்கும் அதன் அமைப்புகளும் சேர்ந்தது ஒரு கேஸ்) வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பெரிய கேஸ்களில் எப்படி என்று மதிப்பிட எனக்கு அந்த அளவு பழக்கம் போதாது.

மெஷ் போடுவதில், அதாவது கணக்கிடும் இடத்தைச் சிறு சிறு செல்களாகப் பிரிப்பதில், ஃப்ளூயன்ட் முன்னால் நிற்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கணினியில் வரைந்த சிஏடி மாடலை இறக்கி, திரையில் வரும் படிகளை வரிசையாக முடித்தால், சுவரை ஒட்டிய அடுக்குகளோடு நல்ல மெஷ் கிடைத்துவிடும். ஓப்பன்ஃபோமின் மெஷ் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் அவ்வளவு சுலபத்தில் வசப்படாது. கூர்மையான மூலைகளில் அடுக்குகள் சரிந்துவிடும். எந்தப் பக்கம் மெஷ் வேண்டும் என்று காட்டும் புள்ளி ஒரு செல்லின் முகத்தில் சரியாக விழுந்தால் மொத்தமும் கெடும்; அதனால் 0.5 என்று கொடுக்காமல் 0.5137 போன்ற எண்ணைக் கொடுப்பது நல்லது.

ஸ்டூடன்ட் பதிப்பின் குறை செல் வரம்பு. பழைய பதிப்புகளில் 5,12,000 செல், இப்போது 10 லட்சம். பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் விடை மெஷ்ஷைப் பொறுத்து மாறுகிறதா என்று சோதிக்க மூன்று அளவுகளிலாவது ஓட்ட வேண்டும். மூன்று திசையிலும் செல்லை 1.5 மடங்கு நுணுக்கினால் எண்ணிக்கை 3.4 மடங்காகும்: 2 லட்சத்தில் தொடங்கினால் அடுத்தது 6.75 லட்சம், அதற்கடுத்தது 22 லட்சத்தைத் தாண்டும். முப்பரிமாணத்தில் மூன்றாவது சோதனைக்கே இடமில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விடை தப்பாக வரும்போது, தப்பு எங்கே என்று தேடிப் பிடிக்க முடிகிறதா? கற்கும் காலத்தில் விடை தப்பாக வருவதுதான் வழக்கம், அதனால் இதற்குத்தான் என் ஓட்டு.

ஓர் உதாரணம். 20 மி.மீ. விட்டமுள்ள உருளை மீது 10 மீ/வி காற்று, இருபரிமாணக் கணக்கு. இழுவைக் கெழு (காற்று உருளையை இழுக்கும் விசையைப் பரப்பு, வேகம், அடர்த்தி கொண்டு வகுத்துக் கிடைக்கும் எண்) ஏறத்தாழ 1.2 வர வேண்டும். ஃப்ளூயன்ட்டில் கெழுவுக்கான ரெஃபரன்ஸ் வேல்யூஸ் பக்கத்தைத் திறக்காமல் விட்டால், பரப்பு 1 ச.மீ., வேகம் 1 மீ/வி என்று அதுவே வைத்துக்கொண்டு கணக்கிடும். உண்மையில் வகுக்க வேண்டியது (தடிமன் 1 மீ. என்று கொண்டு) 0.02 பரப்பாலும் 100 வேக வர்க்கத்தாலும், அதாவது 2-ஆல். ஆக, திரையில் 2.4 என்று வரும். ஆயிரக்கணக்கில் வந்திருந்தால் உடனே சந்தேகம் எழும். 2.4 நம்பும்படி இருப்பதால், மாணவர் கொந்தளிப்பைக் கணக்கிடும் டர்புலன்ஸ் மாடலையும் மெஷ்ஷையும் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார். ஓட்டமோ சரியாகவே தீர்க்கப்பட்டிருக்கும்.

ஓப்பன்ஃபோமில் இதே கெழுவுக்கு அடர்த்தி, வேகம், நீளம், பரப்பு நான்கையும் நீங்களே ஒரு கோப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எது விடுபட்டது என்று பெயர் சொல்லிப் புகார் வரும், கெழு வராது. இங்கும் பொறி இல்லாமல் இல்லை. மோட்டார்பைக் டுடோரியலிலிருந்து கோப்பை நகலெடுத்தால் அதன் 0.75 ச.மீ. பரப்பும் கூடவே வந்து உட்காரும். இருபரிமாணக் கேஸில் மெஷ்ஷின் தடிமனையும் பரப்பில் சேர்க்க வேண்டும்: தடிமன் 10 மி.மீ. என்றால் பரப்பு 0.0002 ச.மீ. ஆனால் அந்த எண் எழுத்தாகக் கண் முன் நிற்கிறது. கேஸ் முழுவதும் மூன்று கோப்புறைகள்தான்: தொடக்க, எல்லை நிலைகளுக்குச் சுழியம் என்ற பெயரில் ஒன்று, மெஷ்ஷுக்கும் பாகுத்தன்மைக்கும் ஒன்று, சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) அமைப்புகளுக்கு ஒன்று. சரியாக ஓடிய கேஸையும் கெட்ட கேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், மாறிய வரி தெரிந்துவிடும்.

அழுத்தத்திலும் கவனம் வேண்டும். சிம்பிள்ஃபோம் போன்ற, அடர்த்தி மாறாது என்று கொள்ளும் அமுக்கமற்ற சால்வர்கள் தருவது அடர்த்தியால் வகுக்கப்பட்ட அழுத்தம். 50 என்று காட்டினால் காற்றுக்கு 1.225-ஆல் பெருக்கி 61 பாஸ்கல், தண்ணீருக்கு 998-ஆல் பெருக்கி 49,900 பாஸ்கல்.

தொடங்குபவரைத் துரத்தும் இன்னொரு தொல்லை, ஓப்பன்ஃபோமில் இரு கிளைகள் இருப்பது. ஃபவுண்டேஷன் கிளையின் பதிப்புகள் 11, 12 என்று போகும். இன்னொன்றுக்கு 2406, 2412 என்று ஆண்டும் மாதமும் எண்ணாகும். ஃபவுண்டேஷனின் 11-இல் சிம்பிள்ஃபோமுக்குப் பதில் ஃபோம்ரன் வந்துவிட்டதால், பழைய பாடத்தின் கட்டளைகளும் கோப்புகளும் அங்கே அப்படியே பொருந்தாமல் போகலாம். ஒரு கிளையைப் பிடித்து அதன் டுடோரியல்களோடு மட்டும் பழகுங்கள். விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல் வழியாக உபுண்டு போட்டு, கேஸ்களை லினக்ஸ் பக்கத்து ஹோமிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்தால் கோப்பு எழுதுவது மிகவும் மெதுவாகும்.

ஸ்னாப்பி மிரட்டினால் முதலில் ஜிமெஷ் என்ற இலவச மெஷ் மென்பொருளில் வரைந்து, அதன் பதிப்பு 2 கோப்பு வடிவில் சேமித்து ஓப்பன்ஃபோமுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு எல்லா எல்லைகளும் வெறும் பேட்ச் (patch) என்றே இருக்கும். பவுண்டரி கோப்பைத் திறந்து சுவர்களை வால் (wall) என்று திருத்தாவிட்டால், சுவரோர ஓட்டத்தைத் தோராயமாகக் கணக்கிடும் வால் ஃபங்ஷன் பிழை காட்டி நின்றுவிடும். அடுத்து மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ் ஓட்டி, செல்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று காட்டும் நான்-ஆர்த்தோகனாலிட்டி 70 டிகிரிக்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதத்தில் புராஜெக்ட் முடிக்க வேண்டும், கல்லூரி லேபில் முழு லைசென்ஸ் இருக்கிறது என்றால் ஃப்ளூயன்ட்டே சரி. அப்போது இரண்டு பழக்கம் வேண்டும்: ரெஃபரன்ஸ் வேல்யூஸ் பக்கத்தை ஒவ்வொரு கேஸிலும் திறந்து நிரப்புங்கள், செய்த அமைப்புகளைக் கட்டளை வரிசையாக ஜர்னல் கோப்பிலும் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து எந்தப் பெட்டியில் எதை மாற்றினோம் என்று பார்க்க அது ஒன்றுதான் உதவும்.