குட்டி மீட் லோஃப்: மஃபின் தட்டிலா, கையால் பிடித்தா?

ஓஹையோவுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா ஒரு தட்டு நிறைய மீட் லோஃப் கொண்டுவந்து கொடுத்தார். கொத்துக்கறியில் ரொட்டித் தூள், முட்டை, வெங்காயம் பிசைந்து, மேலே கெட்சப் பூசி ஓவனில் சுட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாதத்துக்கு இரண்டு முறையாவது இது உண்டு. முதலில் பெரிய லோஃபாகச் செய்தேன், அப்புறம் பன்னிரண்டு குழியுள்ள மஃபின் தட்டில் செய்தேன், இப்போது ஒரு வருடமாகக் கையாலேயே பிடித்து ட்ரேயில் வைத்துச் சுடுகிறேன். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் சீஸ். என் ஓட்டு கடைசியாகச் சொன்னதற்குத்தான்.

பெரிய லோஃபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9-க்கு 5 அங்குல லோஃப் பேனில் 2 பவுண்டு கறியை அழுத்தி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வருகிற நாளில் அது நடக்காது. நடுவில் சீஸ் வைத்தால் நடுத்துண்டு வாங்குகிறவருக்குத்தான் சீஸ், ஓரத்துண்டுக்காரருக்கு மொறுமொறு மேல்பாகம் மட்டும். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் இரண்டும் வேண்டும். ஆளுக்கு ஒன்றாகப் போனதற்கு அதுதான் காரணம்.

மஃபின் தட்டு வேகமானது. 375 டிகிரியில் 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும், பன்னிரண்டும் ஒரே அளவு, கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும், கையில் ஒட்டுகிற வேலையே இல்லை. சீஸ் உள்ளே வைக்காமல் மேலே மட்டும் தூவிச் செய்வதென்றால் இப்போதும் அதையே எடுங்கள் என்பேன். ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது முள்கரண்டியால் பிளந்தவுடன் உள்ளேயிருந்து இழுபடுகிற சீஸ், மஃபின் தட்டு தோற்றது அங்கேதான்.

கறி சூடேறும்போது சுருங்கும். குழிக்குள் இருக்கிற கறி சுவரை விட்டு விலகி உள்வாங்கும், அந்த இடைவெளியில் கொழுப்பும் சாறும் வந்து நிறையும். ஒரு குழி அரை கப்தான் பிடிக்கும், அதில் நடுவில் சீஸ் வைத்து மேலே மூடினால் மூடி மெல்லியதாகத்தான் இருக்கும். உருகிய சீஸ் விரிசல் எங்கே இருக்கிறதோ அந்த வழியாக வெளியேறிச் சுவரோரம் இறங்கி அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு நாள் ஒன்றைக் கரண்டியால் நெம்பி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்: நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவு வெறும் ஓட்டை, குழியின் அடியில் கருகிய பழுப்பு வளையமாகச் சீஸ், சுற்றிலும் கொழுப்புத் தேங்கியிருந்தது. மேல்பக்கம் தவிர எந்தப் பக்கமும் நிறம் மாறவில்லை, கறி தன் கொழுப்பிலேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. இரவு அந்தப் பன்னிரண்டு குழிகளையும் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது தனி.

கையால் பிடிப்பதில் இது தீர்வதற்குக் காரணம், சீஸைச் சுற்றி எவ்வளவு கனத்துக்குக் கறி இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருப்பதுதான். ஒன்றரை பவுண்டு கறியில் ஆறு வரும். உள்ளங்கையில் உருண்டையை வைத்து, கட்டைவிரலால் குழித்து, சீஸ் துண்டை வைத்து, ஓரத்தை இழுத்து மூட வேண்டும். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்து மூடிப் பழகிய கைக்கு இது அப்படியே வரும். கையை நனைத்துக்கொண்டால் ஒட்டாது. எல்லாப் பக்கமும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் கறி இருக்கட்டும், மூடிய வாய் மேலே இருக்கும்படி ட்ரேயில் வையுங்கள். உருகிய சீஸ் கீழ்நோக்கித்தான் போகும், அடியில் விரிசல் இல்லாமல் இருந்தால் அங்கேயே நிற்கும். மேல்வாயைக் கெட்சப் பூச்சு மறைத்துவிடும்.

சீஸ் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஈரமான புது மொசரெல்லா தண்ணீர் விட்டுக் கறியைப் பிளந்துவிடும். துருவியே விற்கிற பாக்கெட் சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு பூசியிருப்பார்கள், உருகினாலும் வழவழப்பு வராது. செடார் கட்டியாக வாங்கி, விரல் கனத்துக்கு ஓர் அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கி, கறி பிசைகிற நேரத்தில் ஃப்ரீசரில் போட்டுவையுங்கள். கறி இறுகுகிற வரைக்கும் அது உருகாமல் தாக்குப்பிடிக்கும்.

பிசைவதையும் அளவோடு நிறுத்த வேண்டும். உப்புப் போட்டு ரொம்ப நேரம் பிசைந்தால் கறி ரப்பர் மாதிரி இறுகி இன்னும் அதிகமாகச் சுருங்கும். முக்கால் கப் ரொட்டித் தூளை மூன்றில் ஒரு கப் பாலில் ஊறவைத்துக் கலந்தால் சாறு உள்ளே தங்கும். கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு செய்கிற வேலை இதுதான் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

375 டிகிரியில் எனக்கு 30 நிமிடம் ஆகிறது. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி, ஆட்டுக்கறி என்றால் 160 டிகிரி, கோழி, வான்கோழி என்றால் 165. முனையை நேர் நடுவில் குத்தினால் அது சீஸில் போய் நின்றுவிடும், பக்கவாட்டில் சாய்த்துக் கறிக்குள் நிற்கும்படி குத்துங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கலவையில் ஈரம் கூடிவிட்டால் ட்ரேயில் பரந்து தட்டையாகிவிடும், அப்படி இருந்தால் பிடித்து வைத்த பிறகு இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சுடுகிறேன். மஃபின் தட்டைவிடப் பத்து நிமிடம் கூடுதல் வேலை. கொழுப்பு வழியும், அதனால் விளிம்புள்ள ட்ரேயில் ஒட்டாத பேக்கிங் காகிதமான பார்ச்மென்ட் பேப்பர் போட்டே ஆக வேண்டும், சாப்பிட்டு முடித்ததும் பேப்பரைச் சுருட்டிப் போட்டால் கழுவுகிற வேலை ஏறக்குறைய முடிந்தது.

மாமியார் வந்திருந்த மூன்று மாதமும் அவருக்காக வான்கோழியில் தனிப் பாத்திரத்தில் பிசைந்தேன். மொத்தமாக நாலைந்து முறைதான் அப்படிச் செய்திருக்கிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: கொழுப்புக் குறைவு என்பதால் கொஞ்சம் காய்ந்துதான் வந்தது, வெங்காயத்தைத் துருவிச் சேர்த்த பிறகு பரவாயில்லை. குட்டி லோஃப் பேன்களும் உண்டு, இரவல் வாங்கி இரண்டே முறை சுட்டேன். வடிவம் அழகாக இருந்தது, கொழுப்பு மட்டும் மஃபின் தட்டில் தேங்கியது போலவேதான் தேங்கியது.

ஆளுக்கு ஒன்று என்பதில் இன்னொரு வசதி, பெரியவர்களுக்கு உள்ளதில் பச்சைமிளகாய் நறுக்கிப் போடலாம். எது யாருக்கு என்று குழம்பாமல் இருக்க, காரமானதன் மேல் ஒரு முழு மிளகை அழுத்திவைக்கிறேன். போன ஞாயிறு ஆறில் ஒன்று மட்டும் லேசாக வாய் திறந்தது. வழிந்த சீஸ் பேப்பரில் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது, நான் ட்ரேயை மேஜையில் வைப்பதற்குள் சின்னவள் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.