14416 மனநல உதவி எண்: மூளைக் கட்டியிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும்?

காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், ஏற்காட்டுக்காரர்கள் இதற்கென்று சேலத்துக்கு பஸ் ஏற வேண்டாம். 2022 முதல் இயங்கும் 14416 எண்ணுக்கு (மத்திய அரசின் டெலி மானஸ், நம் ஊரில் ‘நட்புடன் உங்களோடு’) பொதுவாக ஐந்துக்கு நாலு போடலாம். சிறுவயதில் மூளைக் கட்டிக்கு சிகிச்சை எடுத்த பிள்ளை என்றால் மூன்றுதான், அதுவும் கூப்பிடுகிறவர் தயாராக இருந்தால்.

முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார். “பையன் யார்கிட்டயும் பேசறதில்லை, படிப்பு ஏறலை” என்று மட்டும் சொன்னால் பேச்சு பரீட்சை பயத்தின் பக்கம் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள்: என்ன கட்டி, எந்த வயதில் ஆபரேஷன், தலைக்கு ரேடியேஷன் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), இப்போது என்ன மாத்திரை. வலிப்புக்குத் தரும் லெவெடிராசிட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம்.

போனில் ஆகாத வேலை ரத்தப் பரிசோதனை. ரேடியேஷனோ கட்டியோ மூளையின் அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரியைப் பாதித்திருந்தால் ஹார்மோன் குறைந்து, பார்வைக்கு மனச்சோர்வு போலவே சோர்வும் மந்தமும் வரும். தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். மட்டும் எடுத்து ‘நார்மல்’ என்று திரும்பினால் ஏமாந்துபோவீர்கள். பிட்யூட்டரியால் வரும் தைராய்டு குறைவில் அது நார்மலாகவே காட்டலாம். ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), காலை 8 மணி கார்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்) இரண்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனையும் நேரில்தான். சில மணி நேரம் பிடிக்கும், பிள்ளை களைத்துவிட்டால் இரண்டு நாளாகப் பிரிக்கச் சொல்லலாம். ஐ.க்யூ. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை. ரேடியேஷன் முதலில் கெடுப்பது வேகம், கவனம், கேட்டதை மனதில் நிறுத்தி வேலை செய்யும் திறன். இவை தனித்தனியாக ரிப்போர்ட்டில் வர வேண்டும். பாதிப்பு வருஷக்கணக்கில் மெதுவாகத் தலைகாட்டும் என்பதால் ஐந்தாம் வகுப்பு ரிப்போர்ட் பத்தாம் வகுப்புக்கு உதவாது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்க நினைத்தால் கல்வியாண்டு தொடங்கியதுமே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் 14416-இல் பேசிக்கொண்டே காத்திருக்க வேண்டாம். மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி, தனியே விடாமல் சேலம் ஜி.ஹெச். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மலைமேல் இருந்தால் 108.