தேக்கு வெனீர் வார்ட்ரோபில் நிறம் திட்டுத் திட்டாக: சென்னையில் மூன்று வாரத்தில் எவ்வளவு முடியும்

டிசம்பர் லீவில் வந்து பூட்டிக் கிடந்த ஃபிளாட்டைத் திறந்தால், வார்ட்ரோப் ஷட்டர் ஒவ்வொன்றும் ஒரு நிறம். பார்க்க வரும் பாலிஷ்காரர் பலரும் சொல்வது, "வால்நட் ஏத்திடலாம் சார், எல்லாம் மறைஞ்சிடும்." வால்நட் என்பது அடர் பழுப்புச் சாயம். அதில் மறையாது. வெனீர் என்ற மெல்லிய மரத் தகட்டைப் பலகையில் ஒட்டும்போது மேலே கசிந்த பசை, ஸ்டெயினை, அதாவது மரச் சாயத்தைக் குடிக்காது. அடர் நிறம் ஏற ஏற அந்த இடம் வெளுத்துத் துருத்திக்கொண்டு நிற்கும்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் இரண்டு ஷட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலைகீழாகத் திருப்பியதும் நிறம் மாறினால் அது கறையல்ல, ரேகை ஒளியைத் திருப்புகிற திசை. கீல் துளைகள் மேலும் கீழும் ஒரே அளவில் இருந்தால் இடது ஷட்டரை 180 டிகிரி திருப்பி வலதில் மாட்டலாம். கைப்பிடித் துளையை மட்டும் கவனிக்க வேண்டும். பாதிப் பிரச்சினை காசில்லாமல் இங்கேயே தீர்வதுண்டு.

ஸ்க்ரூவைச் சுற்றியும் அடி விளிம்பிலும் நீலக்கறுப்பாக இருந்தால், ஈரத்தில் இரும்பும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை. சுவர்க் கசிவை அடைக்காமல் இதைத் தொட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பழைய பாலிஷை ரிமூவர் போட்டே எடுக்க வேண்டும். மேல் வெனீர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, தேய்க்கும் மெஷின் வைத்தால் அடி மரம் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் ஆக்சாலிக் ஆசிட். கறையில் மட்டும் தடவாமல் ஷட்டர் முழுக்கத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துடைத்த இடம் வெளுத்த வட்டமாக நிற்கும். 20 நிமிடம் கழித்துத் தண்ணீரில் துடைத்து, சமையல் சோடா கரைசலால் ஒருமுறை, மறுபடி வெறும் தண்ணீர். ஆக்சாலிக் ஆசிட் விஷம், கையுறை கட்டாயம். இரண்டு நாள் காய்ந்தபின் 240 உப்புத்தாளைக் கையால் ரேகைவாக்கில் இழுக்கும்போது முகமூடியும் வேண்டும்.

காய்ந்த மரத்தில் தின்னரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. பசை இருக்கும் இடம் நனையாமல் வெளிறித் தெரியும். அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஸ்டெயின். மிச்ச வேறுபாட்டுக்கு, மரத் துளைகளை அடைக்கும் சீலர் பூச்சுக்குப்பின் நிறம் கலந்த மெல்லிய கோட்டை ஸ்ப்ரேயில், வெளிறிய ஷட்டருக்கு மட்டும் கூடுதலாக.

ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்தால் பால்போல் வெளுக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தின்னர் கலந்து நண்பகலில் அடிக்கச் சொல்லுங்கள்.

சதுர அடிக் கணக்கில் பேசும்போது பழைய பாலிஷ் எடுப்பதும் அதில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான். புது ஷட்டர் தேவைப்பட்டால் சைடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைகளில் ஒரே கட்டின் அடுத்தடுத்த ஷீட்டுகளாகக் கேளுங்கள். புதுத் தேக்கு ஆரம்பத்தில் வரிவரியாகத்தான் இருக்கும். பாலிஷுக்குமுன் சில நாள் பால்கனி வெளிச்சம் பட்டால் தானே பொன்னிறமாகும். மேலே பி.யு. (பாலியூரிதேன்) கோட் அடித்தால் அது இறுக ஒரு வாரம் ஆகும் என்பதால் கடைசிக் கோட்டுக்கும் ஃபிளைட்டுக்கும் நடுவே அந்த வாரத்தை விட்டுவையுங்கள்.