மூன்று மாம்பழப் பருவங்களும் ஜாவாவுக்கு அடியில் கசிந்த நினைவகமும்

கிருஷ்ணகிரிக்கு அருகேயுள்ள ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில், பழங்களைப் படம்பிடித்துத் தரம் பிரிக்கும் மென்பொருளை மூன்று பருவங்களாகப் பராமரித்து வருகிறேன். மேல்தளம் ஜாவா, படத்தை ஆராய்வது ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து வேறு மொழி நிரலை அழைக்கும் பாலம்) வழியாக அழைக்கப்படும் சி பிளஸ் பிளஸ் நூலகம். பெங்களூரா ரக மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கையில் இரவு பகலாக ஓட வேண்டிய சர்வரை, முதல் பருவத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸ் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுத்திவிட்டது. ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் ஹீப் 2 ஜிபி வரம்புக்குள் அசையாமல் இருந்தது. ஏறிக்கொண்டே போனது புராசஸின் மொத்த நினைவகம்; அதாவது ஹீப்புக்கு வெளியே எடுத்த நினைவகம் எங்கோ திருப்பித் தரப்படாமல் கசிந்தது.

முதலில் கைகொடுத்தது ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மிலேயே உள்ள, அது எடுக்கும் நினைவகத்தை வகைவாரியாகக் கணக்கிடும் நேட்டிவ் மெமரி டிராக்கிங். காலையில் ஜேசிஎம்டி என்ற கட்டளை கொண்டு பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான தொடக்கக் கணக்கு) எடுத்து, மாலையில் வித்தியாசத்தைப் பார்த்தபோது 'இன்டர்னல்' என்ற வரி மட்டும் பெருத்திருந்தது. ஜாவாவின் பைட்டுகளை நூலகத்துக்குத் தரும் கெட்பைட்அர்ரேஎலிமென்ட்ஸ் என்ற ஜேஎன்ஐ செயல்பாட்டை அழைக்கும்போது ஹாட்ஸ்பாட் (நாங்கள் ஓட்டும் ஜேவிஎம்) எடுக்கும் நகல் அந்தக் கணக்கில்தான் சேரும். படம் மங்கலாக இருந்தால் பாதியிலேயே திரும்பிவிடும் ஒரு 'ரிட்டர்ன்', விடுவிக்கும் வரியை எட்டாமலே போய்க்கொண்டிருந்தது. பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 1280-க்கு 1024 அளவுள்ள படம் ஒவ்வொன்றுக்கும் 1.25 எம்பி கசிந்தது. லென்ஸில் பழச்சாறு தெறித்த ஷிப்டுகளில் சர்வர் சீக்கிரம் விழுந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. (அதுவரை மின்சாரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.) படத்தின் பைட்டுகளை நாங்கள் மாற்றுவதில்லை என்பதால், நகலை ஜாவாவுக்குத் திரும்ப எழுதாத ஜேஎன்ஐ அபார்ட் முறையில், பாதியில் திரும்பும் வழி உட்பட எல்லா வழிகளிலும் அதை விடுவித்தேன்.

இரண்டாம் பருவத்தில் கசிவு மெதுவாகத் தொடர்ந்தது. டிராக்கிங் கணக்கிலோ ஏற்றமே இல்லை. நூலகம் தானாக மாலாக் (நினைவகம் கேட்கும் சி அழைப்பு) செய்து எடுப்பதை அக்கருவி காணாது என்பதை உணராமல் ஒரு வாரத்தை வீணடித்தேன். பின்னர், மாலாக்குக்கு மாற்றான ஜெமாலாக்கை, எங்கிருந்து நினைவகம் கேட்கப்படுகிறது எனப் பதியும் புரொஃபைலிங் சேர்த்துக் கம்பைல் செய்து, எல்டி பிரீலோட் (ஒரு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றும் லினக்ஸ் அமைப்பு) மூலம் ஏற்றி ஓட்டியதும், அதன் துணைக் கருவியான ஜேஇபுரோஃப் வரைந்த படத்தில் ஒரே ஒரு கட்டம் மற்றவற்றைவிடப் பெரிதாக நின்றது. அது பழத்தின் வடிவத்தைச் சேமிக்கும், சி பிளஸ் பிளஸ் பக்கத்து நேட்டிவ் ஆப்ஜெக்ட். அதை அழிக்கும் அழைப்பை முன்பு எழுதியவர், ஜிசி (பயன்படாத ஆப்ஜெக்ட்களைக் களையும் ஜாவாவின் பகுதி) ஓடிய பிறகே இயங்கும் ஃபைனலைஸில் வைத்திருந்தார். ஜாவா பக்கம் அதைக் குறிக்கும் ஆப்ஜெக்ட் சில பைட்டுகளே என்பதால், அடியில் குவியும் சுமை ஜிசிக்குத் தெரியவே தெரியாது. ஜாவா 9-லேயே கைவிடத்தக்கதாகக் குறிக்கப்பட்ட ஃபைனலைஸை நீக்கி, ஆட்டோகுளோசபிள் (வேலை முடிந்ததும் மூடப்படும் வகை) ஆக்கி, டிரை பிளாக்கிலேயே மூடும்படி மாற்றினேன். யாராவது மூட மறந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கிளீனர் (ஆப்ஜெக்ட் கைவிடப்பட்ட பின் அழிப்பைச் செய்யும் ஜாவா வசதி) இருக்கிறது.

மூன்றாம் பருவத்தில் சர்வரை ஒருமுறைதான் நிறுத்தினோம், அதுவும் லென்ஸ் மாற்றுவதற்காக. ஜெமாலாக்கை இன்னும் நீக்கவில்லை. புரொஃபைலிங்கை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.